மாமனாரின் தகரப் பெட்டியும் 1960-ஆம் ஆண்டின் ஒரு வியாழக்கிழமையும்

பிட்ஸ்பர்க் நகரில் வாழும் தமிழ்ப் பெண்மணி ஒருவர் கேட்டிருக்கும் கேள்விக்கான பதில் இது. 1949-இல் பிறந்த அவருடைய மாமனார் சில மாதங்களுக்கு முன் காலமானார். அந்தப் பெண்மணியும் அமெரிக்கரான அவருடைய கணவரும் வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தபோது, பேஸ்மென்ட் அலமாரியின் மேல்தட்டில் ஒரு பழைய பிஸ்கட் தகரப் பெட்டி கிடைத்தது. அதற்குள், அமெரிக்க பேஸ்பாலின் ஆண்டு இறுதிப் போட்டியான உலகத் தொடரின் 1960-ஆம் ஆண்டு ஸ்கோர்கார்டு ஒன்று, கிழித்துக் கொடுத்த டிக்கெட்டின் பாதி, பல கையெழுத்துகள் உள்ள ஒரு பந்து, ஆட்டக்காரர்களின் படம் அச்சிட்ட, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய பேஸ்பால் அட்டைகள் நானூறு அளவில், மறுநாள் செய்தித்தாளின் முதல் பக்கம் ஆகியவை இருந்தன. எல்லாவற்றையும் உடனே விற்றுப் பங்கு பிரித்துக்கொள்ளலாம் என்கிறார் கொழுந்தனார். பெட்டியைத் தொடவே விடமாட்டேன் என்கிறார் கணவர். "எனக்கு இந்த விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. இவற்றுக்கு என்ன மதிப்பு? துடைத்துச் சுத்தம் செய்யலாமா? யாரிடம் காட்டுவது?" என்று கேட்டு, சில படங்களையும் அவர் அனுப்பியிருக்கிறார்.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு நூலகத்தில் பழைய தாள்களைப் பாதுகாக்கும் பிரிவில் பணியாற்றியவன். பேஸ்பால் அட்டைகளையும் டிக்கெட்டுகளையும் அதற்கும் முன்பிருந்தே சேர்த்து வருகிறேன். நீங்கள் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் அவற்றுக்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. பெட்டியைக் கலைக்காதீர்கள். எது மேலே இருந்தது, எது எதனோடு ஒட்டிக் கிடந்தது, எந்தத் தாள் எதற்குள் மடித்து வைக்கப்பட்டிருந்தது என்பதை அடுக்கடுக்காகப் படமெடுத்து, ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு வரி எழுதி வையுங்கள். இத்தகைய பொருள்களில் பெரும்பாலானவற்றின் மதிப்பு, பணமாக எண்ணினாலும் சரி, குடும்பத்தின் நினைவாக எண்ணினாலும் சரி, அவை ஒன்றுக்கொன்று சாட்சி சொல்வதில்தான் இருக்கிறது. தனித்தனியே பிரித்துவிட்டால் டிக்கெட் வெறும் டிக்கெட்டாகவும் பந்து வெறும் பந்தாகவும் ஆகிவிடும். பிறகு எந்த நிபுணராலும் அந்தத் தொடர்பை மீட்டுத் தர இயலாது.

உங்கள் பெட்டியில் சாட்சி சொல்லப்படும் நாள் எது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1960 அக்டோபர் 13, வியாழக்கிழமை. பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியும் நியூயார்க் யாங்கீஸ் அணியும் ஆளுக்கு மூன்று ஆட்டங்கள் வென்று, ஏழாவதும் கடைசியுமான ஆட்டத்துக்காக ஃபோர்ப்ஸ் ஃபீல்டு மைதானத்தில் சந்தித்தன. அதுவரை நடந்த ஆறு ஆட்டங்களில் யாங்கீஸ் வென்ற மூன்றும் 16-3, 10-0, 12-0 என்ற பெரிய வித்தியாசத்தில் வென்றவை; பைரேட்ஸ் வென்றவை எல்லாம் சிறிய வித்தியாசத்தில் வென்றவை. 36,683 பேர் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கடைசி ஆட்டத்தில், 9-9 என்ற சமநிலையில், ஒன்பதாவது இன்னிங்ஸின் இரண்டாம் பாதியில் முதல் ஆளாக மட்டை பிடித்த பைரேட்ஸின் பில் மாசரோஸ்கி, யாங்கீஸின் ரால்ஃப் டெர்ரி வீசிய பந்தை இடப்பக்கச் சுவருக்கு அப்பால் அடித்தார். அப்போது மணி பிற்பகல் 3:36. இப்படிச் சுவரைத் தாண்டும் அடிக்கு ஹோம் ரன் என்று பெயர்; உலகத் தொடர் ஒன்று ஹோம் ரன்னால் முடிந்தது அதுவே முதல் முறை. 1925-க்குப் பிறகு பைரேட்ஸ் வென்ற முதல் உலகத் தொடரும் அதுதான். பிட்ஸ்பர்க்கில் இன்று எழுபது வயதைக் கடந்த எவரிடமும் அந்தப் பிற்பகலில் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். உடனே பதில் வரும்.

உங்கள் பெட்டியிலுள்ள மிக அருமையான பொருள் ஸ்கோர்கார்டுதான் என்பது என் கருத்து. பந்தைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். நீங்கள் ஸ்கோர்கார்டை முதலில் பாருங்கள். ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஒரு வரிசை, ஒவ்வோர் இன்னிங்ஸுக்கும் ஒரு கட்டம் என்று அச்சடித்த அந்தத் தாளை வாங்கி, பார்வையாளர்கள் பென்சிலால் நிரப்புவது இங்குள்ள பழைய வழக்கம். களத்தில் நிற்கும் ஒன்பது பேருக்கும் ஒன்பது எண்கள் உண்டு: வீசுபவர் 1, அவருக்கு எதிரே பந்து பிடிப்பவர் 2, முதல் பேஸை, அதாவது ஓடுபவர் தொட வேண்டிய முதல் முனையைக், காப்பவர் 3, இப்படியே வலப்பக்கக் கடைக்கோடியில் நிற்பவர் 9 வரை. 6-4-3 என்று எழுதியிருந்தால், பந்து, இரண்டாம் மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்கும் ஷார்ட்ஸ்டாப்பிடமிருந்து இரண்டாம் பேஸுக்கும் அங்கிருந்து முதல் பேஸுக்கும் போய் இருவர் ஒரே மூச்சில் ஆட்டமிழந்தார்கள் என்று பொருள். மூன்று முறை தவறவிட்டு ஆட்டமிழந்தால் 'கே' என்ற எழுத்து. இந்தக் குறியீட்டு முறைக்கு அடிகோலியவர் ஹென்றி சாட்விக். 1824-இல் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரில் பிறந்து, நியூயார்க்கில் கிரிக்கெட் செய்தியாளராக இருந்து, பேஸ்பாலின் பக்கம் வந்தவர். கிரிக்கெட் ஸ்கோர் புத்தகம் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தக் கட்டங்கள் அரைமணி நேரத்தில் பிடிபட்டுவிடும்.

நீங்கள் அனுப்பிய படத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பைரேட்ஸ் பக்கத்தின் அடிவரியில் 2, 2, ஐந்து பூஜ்யங்கள், 5, 1 என்று இருக்கிறது. யாங்கீஸ் பக்கத்தில் ஐந்தாவதில் 1, ஆறாவதில் 4, எட்டாவதிலும் ஒன்பதாவதிலும் இரண்டிரண்டு. ஏழாவது ஆட்டத்தின் கணக்கு அப்படியே இதுதான். இதைவிட வலுவான ஒரு சான்றும் உண்டு: இரண்டு பக்கங்களிலும் ஓரிடத்தில்கூடக் 'கே' என்ற எழுத்து இல்லை. உலகத் தொடர் வரலாற்றில் இரு அணியிலும் ஒருவர்கூட அந்த முறையில் ஆட்டமிழக்காத ஆட்டம் அது ஒன்றே. பின்னாளில் யாராவது விளையாட்டாக நிரப்பியிருந்தால் வழக்கம்போல ஓரிரு 'கே'க்களைப் போட்டிருப்பார்கள். உங்கள் தாளை நிரப்பியவர், நடக்க நடக்க எழுதியிருக்கிறார்.

ஆனால் நிரப்பிய ஸ்கோர்கார்டு இருப்பதனால் மட்டும் ஒருவர் மைதானத்தில் இருந்தார் என்று சொல்லிவிட முடியாது. அது பள்ளிக்கூட நாள். முந்தைய ஆட்டத்தில் வாங்கிய தாளை வைத்துக்கொண்டு, வீட்டில் வானொலியைக் கேட்டுக் கட்டம் நிரப்பிய சிறுவர்களும் உண்டு. இந்த இடத்தில்தான் டிக்கெட்டின் பாதி பேசத் தொடங்குகிறது. அத்தொடரின் 1, 2, 6, 7-ஆம் ஆட்டங்கள் பிட்ஸ்பர்க்கில் நடந்தன. டிக்கெட்டில் எந்த ஆட்டம் அச்சிடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ஏழாவது என்றிருந்து, அது ஸ்கோர்கார்டின் மடிப்புக்குள்ளேயே கிடந்தது என்பதற்கு உங்கள் படம் சாட்சியாக இருந்தால், இரண்டும் சேர்ந்து ஒரே வாக்குமூலம் ஆகிவிடும். செய்தித்தாளும் சும்மா கிடக்கவில்லை. மரக்கூழில் செய்த அந்தத் தாளிலிருந்து கசியும் அமிலம், பக்கத்தில் இருக்கும் தாளில் பழுப்பு நிழலாகப் படியும். உங்கள் ஸ்கோர்கார்டின் பின்னட்டையில் நீள்சதுரமாக ஒரு கறை தெரிகிறதே, அது செய்தித்தாளின் மடித்த அளவுக்குச் சரியாகப் பொருந்தினால், இரண்டும் பல பத்தாண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அசையாமல் இருந்தன என்று பொருள். அந்தக் கறையை நீக்க யாரையும் அனுமதிக்காதீர்கள்.

இதே ஆட்டத்தைப் பற்றிய ஒரு கண்டெடுப்பை இங்கே சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்தில் தொலைக்காட்சி ஒளிபரப்புகளைச் சேமித்து வைக்கும் பழக்கம் இல்லாததால், இந்த ஏழாவது ஆட்டத்தின் முழுப் படப்பதிவு அழிந்துபோனதாகவே எல்லோரும் நினைத்திருந்தார்கள். பாடகரும் நடிகருமான பிங் கிராஸ்பி பைரேட்ஸ் அணியின் பங்குதாரர்களில் ஒருவர். நேரில் பார்த்தால் அணிக்கு ராசியில்லை என்ற அச்சத்தில் அவர் அந்த வாரம் பாரிஸுக்குப் போய்விட்டார்; பிறகு பார்ப்பதற்காக, தொலைக்காட்சித் திரையையே படம்பிடித்து வைக்க ஏற்பாடு செய்திருந்தார். 1977-இல் அவர் இறந்து முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 2009 டிசம்பரில், அவருடைய பழைய தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைத் தேடிக்கொண்டிருந்த ஒருவர், சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு அருகிலுள்ள அவருடைய வீட்டின் ஒயின் அறையில் ஐந்து சுருள்களைக் கண்டெடுத்தார். முதல் வீச்சிலிருந்து கடைசி ஓட்டம் வரை முழு ஆட்டமும் அவற்றில் இருந்தது. குளிர்ந்த, உலர்ந்த, வெளிச்சம் படாத அந்த அறைதான் அவற்றைக் காப்பாற்றியது.

இனி பந்து. கையெழுத்தைப் பார்க்குமுன் பந்தைப் பாருங்கள் என்பது இத்துறையில் முதல் பாடம். அந்நாளில் பைரேட்ஸ் ஆடிய நேஷனல் லீகும் யாங்கீஸ் ஆடிய அமெரிக்கன் லீகும் தனித்தனிப் பந்துகளைப் பயன்படுத்தின. ஒவ்வொன்றிலும் அந்தந்த லீகின் அப்போதைய தலைவருடைய கையெழுத்து அச்சாகியிருக்கும். நேஷனல் லீகுக்கு 1951 முதல் 1969 வரை வாரன் கைல்ஸ். அவருக்குப் பின் 1986 வரை சப் ஃபீனி. அமெரிக்கன் லீகுக்கு 1959 வரை வில் ஹாரிட்ஜ். பிறகு 1973 வரை ஜோ குரோனின். ஆகவே 1948-இல் இறந்த பேப் ரூத்தின் கையெழுத்து குரோனின் பெயர் அச்சிட்ட பந்தில் இருந்தால், மேற்கொண்டு ஆராய ஒன்றுமில்லை. மையும் இவ்வாறே காலம் காட்டும்: அமெரிக்கக் கடைகளில் பால்பாயிண்ட் பேனா பரவத் தொடங்கியது 1945-இன் இறுதியில், ஷார்பி பேனா வந்தது 1964-இல். உங்கள் படத்தில் தையலுக்கு அருகே கைல்ஸ் என்ற பெயரின் பின்பாதி மங்கலாகத் தெரிகிறது, கையெழுத்துகள் நீலப் பால்பாயிண்டில் இருக்கின்றன. காலம் பொருந்துகிறது, இப்போதைக்கு அவ்வளவுதான் சொல்ல முடியும்.

ஏனென்றால் இன்னும் இரண்டு ஐயங்கள் மிச்சமிருக்கின்றன. நட்சத்திர ஆட்டக்காரர்களுக்குப் பதிலாக உடைமாற்றும் அறைப் பணியாளர்களே கையெழுத்திட்டுக் கொடுப்பது அக்காலத்தில் சாதாரணம். அவர்கள் ஏமாற்றும் எண்ணத்தில் செய்தவர்கள் அல்லர், வரிசையில் நிற்கும் பிள்ளைகளைச் சமாதானப்படுத்தவே செய்தார்கள். அடுத்தது, அணி முழுவதின் கையெழுத்துகளையும் அச்சிட்டு மைதானத்தில் விற்ற நினைவுப் பந்துகள். லென்ஸில் பார்த்தால் அச்சில் மை ஒரே சீராக இருக்கும். பேனாவில் எழுதியதில் தொடங்கும் இடமும் அழுத்திய இடமும் தோலில் மெல்லிய பள்ளமாகத் தெரியும். வேண்டுமென்றே செய்யும் மோசடியும் குறைவில்லை. 1990-களின் பிற்பகுதியில் எஃப்.பி.ஐ. நடத்திய 'ஆபரேஷன் புல்பென்' விசாரணையில் பிடிபட்ட போலிகளில், அன்னை தெரசாவின் கையெழுத்துடன்கூட பேஸ்பால் பந்துகள் இருந்தன. பி.எஸ்.ஏ., ஜே.எஸ்.ஏ., பெக்கெட் போன்ற நிறுவனங்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு கையெழுத்தை ஆராய்ந்து கருத்துச் சொல்கின்றன. பெரிய லீகுகளே நடத்தும் சான்றளிப்புத் திட்டம் உங்களுக்கு உதவாது. அது 2001-இல் தொடங்கியது, தங்கள் ஆட்கள் கண்ணெதிரே கண்டவற்றுக்கு மட்டுமே அது சான்று தருகிறது.

அட்டைகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். 2022 ஆகஸ்டில் 1952-ஆம் ஆண்டு டாப்ஸ் நிறுவனத்தின் மிக்கி மேண்டில் அட்டை ஒன்று 1.26 கோடி டாலருக்கு விற்றது. அதே மாதம் 1909-11 கால ஹோனஸ் வாக்னர் அட்டை ஒன்று 72.5 லட்சம் டாலருக்கு விற்றது. இந்தச் செய்திகளைக் கேட்டுத்தான் உங்கள் கொழுந்தனார் அவசரப்படுகிறார் என்று நினைக்கிறேன். அந்த விலைகளுக்குக் காரணம் கிடைப்பதற்கரிய தன்மையும் குறையற்ற நிலையும். 1952-இல் விற்காமல் தேங்கிய அட்டைகளை 1960-இல் படகில் ஏற்றிக் கொண்டுபோய் அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக, அவற்றை வடிவமைத்த சை பெர்கரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். உங்கள் மாமனாரின் வயதைக் கொண்டு பார்த்தால் பெட்டியில் இருப்பவை பெரும்பாலும் 1957-க்குப் பிந்தியவை. அளவெடுத்தால் தெரிந்துவிடும்: 1957 முதல் டாப்ஸ் அட்டைகள் இரண்டரை அங்குல அகலமும் மூன்றரை அங்குல உயரமும் உள்ளவை, 1952 முதல் 1956 வரையிலானவை அதைவிடச் சற்றுப் பெரியவை. சிறுவன் கையில் புரண்டு, ரப்பர் பேண்டு ஓரத்தைக் கடித்த சாதாரண ஆட்டக்காரர் அட்டைகள் ஒவ்வொன்றும் சில டாலர்களுக்குத்தான் போகும். தனியே எடுத்து வைக்க வேண்டியவை மேண்டில், வில்லி மேஸ், ஹாங்க் ஆரன், சாண்டி கோஃபேக்ஸ், மாசரோஸ்கியின் முதல் அட்டையான 1957-இன் 24-ஆம் எண், எல்லாவற்றுக்கும் மேலாக பைரேட்ஸ் அணியின் ராபர்ட்டோ கிளெமெண்ட்டே.

அவருடைய அட்டைகளைத் தேடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த அவருடைய பெயரை 1955-இலும் 1956-இலும் ராபர்ட்டோ என்று சரியாக அச்சிட்ட டாப்ஸ், 1957 முதல் 1969 வரை 'பாப் கிளெமெண்ட்டே' என்றே அச்சிட்டது. நம் ஊர்ப் பெயர்களை இங்குள்ளவர்கள் தங்கள் வாய்க்கு ஏற்றபடி சுருக்குவதை அனுபவித்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. 1972-இன் கடைசி நாளில், நிகராகுவா நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிவாரணப் பொருள்கள் கொண்டுசென்ற விமானம் கடலில் விழுந்து அவர் இறந்தார். அவருடைய அட்டை எந்த நிலையில் இருந்தாலும் அதை விற்கும் கட்டில் சேர்த்துவிடாதீர்கள்.

துடைக்கலாமா என்று கேட்டீர்கள். கூடாது. அழிப்பானும் வேண்டாம், ஈரத்துணியும் வேண்டாம். பந்தின் மேல் மஞ்சள் மினுமினுப்பு இருந்தால் அது யாரோ பாதுகாப்பு என்று நினைத்துப் பூசிய அரக்குப் பூச்சு. அதைச் சுரண்டினால் கையெழுத்தும் கூடவே வந்துவிடும். ரப்பர் பேண்டு அட்டையில் ஒட்டியிருந்தால் இழுக்காமல், ஒட்டாத இடத்தில் வெட்டி, ஒட்டிய பகுதியை அப்படியே விட்டுவிடுங்கள். பல ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவருடைய தாயாரின் ஆல்பத்தில் ஒட்டியிருந்த டிக்கெட் ஒன்றை, எனக்கு எல்லாம் தெரியும் என்ற துணிச்சலில் ஆவி காட்டி எடுத்தேன். டிக்கெட் வந்தது, அதன் பின்புறம் அந்த அம்மையார் எழுதி வைத்திருந்த நான்கு வரிகள் பசையோடு ஆல்பத்தின் கறுப்புத் தாளிலேயே தங்கி, மை கரைந்து, படிக்க முடியாமல் போய்விட்டன. அவர் அப்போது உயிரோடு இல்லை. அந்த நான்கு வரிகளில் என்ன இருந்தது என்பதை இனி யாரும் அறியமாட்டார்கள். இன்றும் அதை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது.

படமெடுத்துக் குறித்துக்கொண்ட பிறகு, செய்தித்தாளை மற்றவற்றிலிருந்து பிரித்து அமிலமற்ற உறையில் இடுங்கள். அட்டைகளையும் டிக்கெட்டையும் பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறைகளில் போடலாம். புது ரெயின்கோட்டின் வாடை அடிக்கும் பி.வி.சி. உறைகளைத் தொடவே வேண்டாம். லாமினேட் செய்வது கொலைக்குச் சமம். பேஸ்மென்டின் ஈரமும் பரணின் வெப்பமும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. நீங்கள் படுக்கும் அறையின் அலமாரி இரண்டையும்விட நல்லது. கையுறை தேவையில்லை, கழுவி உலர்த்திய கையே தாளுக்கு உகந்தது. பந்தை மேசையில் காட்சிக்கு வைக்காதீர்கள். வெயில் நேரே படாவிட்டாலும் நீல மை ஆண்டுக்காண்டு மங்கிக்கொண்டே போகும்.

விற்பதைப் பொறுத்தவரை, உயிலை நிறைவேற்றும் பொறுப்பு யாரிடம் இருக்கிறதோ அவருடைய ஒப்புதல் இல்லாமல் பெட்டியிலிருந்து ஓர் அட்டைகூட வெளியே போகக் கூடாது. பென்சில்வேனியாவில் பிள்ளைகள் பெறும் மரபுச் சொத்துக்கு 4.5 விழுக்காடு வரி உண்டு. இறந்த நாளன்று இருந்த சந்தை மதிப்பே கணக்கு என்பதால், இப்போதே ஒரு மதிப்பீட்டை எழுத்தில் வாங்கி வைப்பது பிற்பாடு விற்றாலும் உதவும். இணையத்தில் கேட்கப்படும் விலையைப் பார்க்காமல், விற்று முடிந்த விலைகளைப் பாருங்கள். வீட்டுக்கே வந்து மொத்தமாக வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லும் வியாபாரிக்கு முதல் சந்திப்பில் எதையும் கொடுக்காதீர்கள். என் யோசனையைக் கேட்டால், அட்டைகளைச் சகோதரர்கள் இருவரும் பகிர்ந்துகொள்ளட்டும். விற்பவர் விற்கட்டும், வைத்துக்கொள்பவர் வைத்துக்கொள்ளட்டும். ஸ்கோர்கார்டு, டிக்கெட், பந்து, செய்தித்தாள் நான்கும் தகரப் பெட்டியோடு ஒன்றாக இருக்கட்டும். என்றாவது குடும்பத்தால் பராமரிக்க இயலாமல் போனால், உங்கள் ஊரிலேயே ஹைன்ஸ் வரலாற்று மையத்துக்குள் மேற்குப் பென்சில்வேனியா விளையாட்டு அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே பேசிப் பாருங்கள்.

ஃபோர்ப்ஸ் ஃபீல்டு இப்போது இல்லை. 1970-இல் மூடி, பிறகு இடித்துவிட்டார்கள். ஆனால் ஓக்லண்ட் பகுதியில் அதன் வெளிச்சுவரின் ஒரு பகுதி செங்கலும் கொடியுமாக இன்னும் நிற்கிறது. ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 13 அன்று நகரத்துப் பெரியவர்கள் அங்கே மடக்கு நாற்காலிகளோடு கூடி, அந்த ஆட்டத்தின் வானொலி வருணனையை முதலிலிருந்து கடைசி வரை கேட்கிறார்கள். ஸ்கோர்கார்டின் நல்ல நகல் ஒன்றை எடுத்துக்கொண்டு கணவரையும் கொழுந்தனாரையும் அழைத்துப் போங்கள். ஒவ்வொரு கட்டத்தையும் விரலால் தொட்டுக் கதை சொல்லக்கூடியவர்கள் அங்கே இருப்பார்கள்.

அதற்கு முன், மாமனாரின் அக்கா எண்பத்திரண்டு வயதில் நல்ல நினைவோடு இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வாரமே அவரைப் போய்ப் பாருங்கள், பேசுவதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். உங்கள் படத்தில் ஏழாவது இன்னிங்ஸ் வரை எண்கள் சிறியனவாக, பழகிய கையால், ஒரே அளவில் எழுதப்பட்டிருக்கின்றன. பைரேட்ஸ் ஐந்து ஓட்டம் எடுத்த எட்டாவதிலிருந்து கை மாறிவிட்டது. எண்கள் பெரியனவாகக் கட்டத்தை மீறுகின்றன, ஒன்பதாவதில் மாசரோஸ்கியின் கட்டத்தில் பென்சில் முனை தாளைக் கிழித்திருக்கிறது. பென்சில் அந்த இடத்தில் பதினோரு வயதுச் சிறுவனின் கைக்கு எப்படி வந்தது, அதுவரை எழுதிக்கொண்டிருந்தவர் யார் என்று அவரிடம் கேளுங்கள்.